வாட்ஸ்அப்பில் வரும் "தேவ சத்தம்": வீட்டுக் கூட்டத்தில் எதை எடுப்பது, எதை விடுவது?

செம்பனைக்காடு (கேள்வி)

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்ட வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் செபக்கூட்டம் பற்றிய கேள்வி இது. 14 குடும்பம். பெந்தெகொஸ்தே, மெதடிஸ்ட், லுத்தரன், இரண்டு கத்தோலிக்கக் குடும்பம் என்று எல்லாரும் கலந்துதான் உட்காருகிறோம். போதகர் மாதம் ஒருமுறைதான் வரமுடியும். மற்ற வாரங்களில் வசனம் வாசித்து நடத்துவது எங்களில் ஒருவர்.

பிரச்சனை குழுவின் வாட்ஸ்அப்பில். விடிகாலை 5 மணிக்கு, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) கிளம்பும் முன்பே கிளிப் வந்து விழ ஆரம்பித்துவிடும். பத்துப் பேர் பத்து ஊழியக்காரரைக் கேட்கிறார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் "கள்ள உபதேசம்" என்கிறார். இந்த வாரம் மட்டும் நான்கு வந்தன:

(அ) ஒரு குரல் பதிவு. வரும் மாதம் இன்ன தேதியில் சபை எடுத்துக்கொள்ளப்படும் (இயேசு வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார்), சேமநிதிப் பணத்தை எடுத்து ஊழியத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.
(ஆ) பெயர்பெற்ற ஒரு பிரசங்கியார் "சிலுவை மட்டும் போதாது" என்று சொல்வதாக 50 வினாடித் துண்டு.
(இ) 100 வெள்ளி (ரிங்கிட்) "விதை" காணிக்கை போட்டால் 7 நாளில் கடன் தீரும். கீழே வங்கிக் கணக்கு எண்.
(ஈ) இன்னொரு ஊழியர்மேல் குற்றம் சொல்லும் 40 நிமிட வீடியோ.

கேட்டால் எல்லாருமே "எனக்கு ஆவியில் உறுதி வந்தது" என்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது? குழுவில் உள்ள பெரியவர்கள் முகம் கோணாமல் எப்படிச் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

---

பெரோயாக்காரர்

தம்பி, நான்குக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் குழம்பிப்போவீர்கள். "இது உண்மையா?" என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவர் உண்மையிலேயே இதைச் சொன்னாரா? சொன்னது வேதத்துக்கு ஒத்துப்போகிறதா? இதைக் கேட்டு நாம் எதையாவது செய்ய வேண்டுமா? முதல் கேள்விக்கு விடை தெரியாமலே இரண்டாவதற்குப் பாய்வதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். அவர் சொல்லவே சொல்லாத ஒன்றுக்கு 30 வசனம் எடுத்து மறுப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். முதல் கேள்வியைப் போன் கடைத் தம்பி வந்து பார்த்துக்கொள்ளட்டும். மற்ற இரண்டையும் நான் சொல்கிறேன்.

(அ)வுக்கு நேரம் செலவழிக்கவே வேண்டாம். தேதி சொன்னாலே கதை முடிந்தது. மத்தேயு 24:36, "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்." அப்போஸ்தலர் 1:7இல் உயிர்த்தெழுந்த பிறகு சீஷர்கள் நேராகவே கேட்டார்கள், அப்போதும் "உங்களுக்கு அடுத்ததல்ல" என்றுதான் பதில். இதற்குச் சரித்திரமும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். ஹெரால்ட் கேம்பிங் வானொலியில் 2011 மே 21 என்றார், அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். 2025 செப்டம்பர் 23, 24 என்று டிக்டாக்கில் உலகம் முழுக்கச் சுற்றியதும் இதே ரகம். தேதி தவறியதும் "கணக்கில் பிழை" என்று புதுத் தேதி வரும், இல்லையென்றால் "ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிவிட்டது" என்பார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு, தப்பு என்று ஒத்துக்கொள்வது. கேம்பிங் பிறகு ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் கையிலிருந்ததை அவருடைய விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டவர்களுக்கு அது திரும்பி வரவில்லை. சேமநிதியைத் தொடச்சொல்லும் பதிவுக்கு என் பதில் இதுதான்.

மற்றவற்றுக்கு உபாகமத்தில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்றைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 18:22, சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. இன்னொன்று 13:1-3. சொன்ன அடையாளம் நடந்தாலும், வேறு தேவர்களைப் பின்பற்றச் சொன்னால் அவனுக்குச் செவிகொடுக்காதே. ஆக, "அவர் சொன்னது அப்படியே பலித்ததே" என்பது பாதிச் சோதனைதான். யாரை நோக்கி இழுக்கிறார் என்பதும் பார்க்க வேண்டும்.

எரேமியா 28ஆம் அதிகாரத்தை ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். ஒரே ஆலயத்தில், ஒரே கர்த்தரின் நாமத்தில், இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரும் புதிருமாகப் பேசுகிறார்கள். அனனியா, இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்கிறான். எல்லாரும் கேட்க ஆசைப்பட்ட செய்தி. எரேமியாவின் கழுத்தில் அந்த அடிமைத்தனத்துக்கு அடையாளமாக இருந்த நுகத்தையே பிடுங்கி உடைக்கிறான், நல்ல "கிளிப்" ஆகியிருக்கும். எரேமியா என்ன செய்தார்? முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அதாவது, நல்லது நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான். பிறகு, சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசி அது நடக்கும்போதுதான் அறியப்படுவான் என்றார். நுகம் உடைந்த பிறகு பதிலுக்கு எதுவும் பேசாமல் "தன் வழியே போனான்" என்று எழுதியிருக்கிறது. பதில் வார்த்தை பிற்பாடுதான் வந்தது. அனனியா பேசியது ஐந்தாம் மாதம், ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். குழுவில் கிளிப் வந்த அடுத்த நிமிடமே பதில் தட்டுகிறவர்கள் அந்தப் 11ஆம் வசனத்தைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த அதிகாரம் 29:11, காலண்டரிலும் காலை வணக்கப் படத்திலும் வருகிற வசனம். "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." மேலே 10ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. 8இல் உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள் என்று இருக்கிறது. 5இல் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று இருக்கிறது. கடன் அடுத்த வாரம் தீரும் என்று அந்த வசனத்தை வைத்துப் பேசுகிறவருக்கு இந்த மூன்றையும் வாசித்துக் காட்டினால் போதும், வாக்குவாதமே தேவையில்லை. எந்தக் கிளிப்பில் வசனம் வந்தாலும் முன்னே பத்து, பின்னே பத்து வசனம் சேர்த்து வாசிப்பதை வழக்கமாக்குங்கள். பழைய திருப்புதல் வேதாகமத்தில் வார்த்தை புரியாவிட்டால் பொதுமொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள். கத்தோலிக்கக் குடும்பத்தார் கையில் அதுதான் இருக்கும், வசதியாகப் போயிற்று.

---

போன் கடைத் தம்பி

என்னைக் கூப்பிட்டதால் எழுதுகிறேன் அண்ணே. அவர் சொன்னாரா இல்லையா என்பதை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் ஓரளவு பார்த்துவிடலாம்.

முதலில் செய்தியின் மேல் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். ஒற்றை அம்பு என்றால் யாரோ அனுப்பியதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இரட்டை அம்பு என்றால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை வாட்ஸ்அப்பே ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மேல் அனுப்ப விடாது. இரட்டை அம்பு இருப்பதாலேயே பொய் ஆகிவிடாது. ஆனால் அனுப்பியவருக்கு மூலம் தெரியாது என்பது கிட்டத்தட்ட நிச்சயம். அதனால் "அக்கா, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், விடை கிடைக்காது.

(ஆ) மாதிரி துண்டுக்கு மூல வீடியோவைத் தேட வேண்டும். படத்தில் பின்னணிப் பதாகை, மேடைப் பெயர், ஆண்டு ஏதாவது தெரிகிறதா பாருங்கள். அதை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். அதோடு அவர் பேசிய வாக்கியத்தில் அபூர்வமான நான்கைந்து வார்த்தைகளை யூடியூபில் தட்டுங்கள். அவருடைய சொந்தச் சேனலில் முழுச் செய்தி கிடைத்தால் துண்டு வரும் இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னே போய்க் கேளுங்கள். அடிக்கடி நடக்கும் வெட்டு இதுதான்: "சிலர் சொல்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துச் சொல்லி, பிறகு அதை மறுத்திருப்பார். முன் வார்த்தையையும் பின் மறுப்பையும் வெட்டிவிட்டால் அவரே சொன்ன மாதிரி ஆகிவிடும். வெட்டு எங்கே என்று கண்டுபிடிக்க, சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். தலை திடீரென்று இடம் மாறும், கை பாதியில் காணாமல் போகும். பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தம் மட்டும் கேளுங்கள். பின்னால் ஓடும் கீபோர்டு ராகம் நடுவில் துள்ளும். வெட்டுகிறவர்கள் பேச்சைக் கவனிப்பார்கள், கீபோர்டை மறந்துவிடுவார்கள்.

மூலம் கிடைக்கவில்லை என்றால்? "கிடைக்கவில்லை" என்றே குழுவில் எழுதுங்கள். பொய் என்றும் எழுதாதீர்கள்.

ஃபேஸ்புக் பக்கமாக இருந்தால் அறிமுகப் பகுதியில் "பக்க வெளிப்படைத்தன்மை" என்று ஒன்று இருக்கும். எந்தத் தேதியில் தொடங்கியது, முன்பு என்ன பெயர், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். சமையல் குறிப்புப் பக்கமாகத் தொடங்கி, ஆள் சேர்ந்ததும் "தீர்க்கதரிசன" பக்கமாகப் பெயர் மாற்றியவை அங்கேதான் மாட்டும். யூடியூபில் சேனலின் விவரத்தில் தொடங்கிய தேதியும் நாடும் இருக்கும்.

இயந்திரம் செய்த குரல், முகம் பற்றி. 2024 முதல் யூடியூப், நிஜம் போலத் தோன்றும்படி மாற்றியதை அப்படியே முத்திரை இடச்சொல்கிறது. முத்திரை இருந்தால் மாற்றியதுதான் என்று நம்பலாம். இல்லாவிட்டால் நிஜம் என்று அர்த்தமில்லை, போட்டவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். உதடு, கண் இமை, விரல் எண்ணிக்கை என்று பார்க்கச்சொல்லும் அறிவுரைகள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன. அதை நம்புவதைவிட "எந்த ஊர்க் கூட்டம், எந்தத் தேதி, கூட இருந்தவர் யார்?" என்று கேட்பது உறுதியான வழி. பதில் இல்லாத குரல் பதிவு அநாதை. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

நோய், தடுப்பூசி, அரசாங்க உதவித்தொகை, கலவரம் என்று செய்தி வடிவில் வந்தால் தொடர்பு பல்லூடக ஆணையம் பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க நடத்தும் செபெனார்ன்யா தளத்தில் தேடுங்கள், 2017 முதல் நடக்கிறது. அதே ஆணையம் 2025 ஜனவரியில் ஐஃபா என்று வாட்ஸ்அப்பிலேயே கேட்கக்கூடிய தானியங்கி உதவி ஒன்றைத் தொடங்கியது, தமிழிலும் கேட்கலாம். உபதேசம் சரியா என்று அதனிடம் கேட்காதீர்கள், அது அதன் வேலை இல்லை.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. பக்கத்து வரிசையில் மாரியம்மன் கோயில், அந்தப் பக்கம் சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்) இருக்கிற இடத்தில் வாழ்கிறோம். மற்ற மதத்தாரை ஏசும் கிளிப் "சாட்சி" என்ற பெயரில் வந்தால் சோதிக்கவெல்லாம் வேண்டாம். குழு நிர்வாகி உடனே எல்லாருக்குமாக அழித்துவிட வேண்டும். 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டம் 233ஆம் பிரிவின் கீழ் விசாரணை வந்தால் "நான் எழுதவில்லை, அனுப்பினேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

---

அக்கினி

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா சகோதரரே. "ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்றும் வேதத்தில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தா அப்போஸ்தலர்கள் விசுவாசித்தார்கள்?

---

பெரோயாக்காரர்

1 தெசலோனிக்கேயர் 5:19 அது. 20, தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். 21, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." மூன்றும் ஒரே மூச்சில் பவுல் எழுதியது. முதலாவதை மட்டும் வெட்டி அனுப்புவதும் ஒரு கிளிப்தான் ஐயா. கூட்டத்தில் யாராவது தீர்க்கதரிசனம் சொன்னாலும் 1 கொரிந்தியர் 14:29இன்படி இரண்டு மூன்று பேர் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." யூடியூபில் இந்த "மற்றவர்கள்" இருக்கும் இடம் காலியாக இருக்கிறது. கீழே கருத்து எழுதுகிறவர்கள் நிதானிக்கிறவர்கள் அல்ல, பெரும்பாலும் ஆமென் போடுகிறவர்கள். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது உங்கள் 14 குடும்பம்.

பெரோயா ஊரார் சந்தேகப் பேர்வழிகள் என்றும் நினைக்கவேண்டாம். அப்போஸ்தலர் 17:11இல் முதலில் வருவது "மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டு." ஆசையோடு கேட்டார்கள், தினமும் ஆராய்ந்தும் பார்த்தார்கள். பேசியவர் பவுல் என்பதற்காக விட்டுவிடவில்லை.

---

அன்பியத்து அக்கா

கத்தோலிக்கக் குடும்பங்களும் இருப்பதால் எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

செம்பனை, நீங்கள் கேட்டீர்களே, எல்லாரும் "ஆவியில் உறுதி வந்தது" என்கிறார்கள் என்று. அந்த உறுதியையே எப்படிச் சோதிப்பது என்று 500 வருஷத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து எழுதினார். லொயோலா இஞ்ஞாசியார் 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் குண்டடிபட்டுக் கால் உடைந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரதீரக் கதைப் புத்தகம் கேட்டார், அந்த வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதையும்தான் கிடைத்தன. சில நேரம் ராஜசபை, பெரிய இடத்துப் பெண், வீரச்செயல் என்று கனவு காண்பார். சில நேரம் புனிதர்களைப் போல வாழ்வதாகக் கனவு காண்பார். இரண்டுமே அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் முதலாவது முடிந்ததும் மனம் வறண்டுபோனது, இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவருடைய தெளிந்து தேர்தல் (எது கடவுளிடமிருந்து வருகிறது என்று பகுத்தறிவது) முறை முழுதும் தொடங்கியது.

இதைப் போனுக்கு அப்படியே பொருத்தலாம். கேட்கும்போது கண்ணீர் வந்ததா, மெய் சிலிர்த்ததா என்று பார்க்காதீர்கள். இசை நன்றாக இருந்தால் யாருக்கும் சிலிர்க்கும். அணைத்து அரை மணி நேரம் கழித்து மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பயம், யார் மேலோ கோபம், "எனக்குத்தான் தெரியும்" என்ற நினைப்பு, இன்னும் ஒன்று பார்க்கவேண்டும் என்ற அரிப்பு, இவையெல்லாம் ஒரு பக்கம். செபிக்கத் தோன்றுவது, மாமியாரிடம் போய்ப் பேசத் தோன்றுவது, நாளை வேலையை ஒழுங்காகச் செய்யத் தோன்றுவது மறுபக்கம். நான்கு நாள் ஒரு சின்ன நோட்டில் எழுதினால் எந்தச் சேனல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வெளிச்சமாகிவிடும். ஒரு எச்சரிக்கை: நல்ல செய்தியும் மனதைக் குத்தும், பாவத்தைச் சுட்டினால் சங்கடமாகத்தான் இருக்கும். குத்திய பிறகு மன்னிப்புக் கேட்கும் பக்கம் தள்ளுகிறதா, நம்பிக்கையே இல்லாமல் முடங்கச் செய்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

அவர் எழுதிய விதிகள் முதல் தொகுதியில் 14, இரண்டாவதில் 8. வீட்டுக் கூட்டத்துக்கு மூன்று போதும். ஐந்தாவது விதி: மனம் இருண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. வேலை போன வாரம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவு, அப்போது கேட்ட கிளிப்பை நம்பிச் சபை மாறுவது, பணம் அனுப்புவது, மருந்தை நிறுத்துவது எதுவும் கூடாது. பதின்மூன்றாவது: தீயவன் இரகசியத்தை விரும்புகிறான், கள்ளக் காதலன் "உன் அப்பாவிடம் சொல்லாதே" என்பதைப்போல. "இந்தச் செய்தியை உங்கள் போதகரிடம் சொல்லாதீர்கள், அவருக்குப் புரியாது" என்று வந்தால் அங்கேயே அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டாம் தொகுதியில் ஒன்று: ஒரு எண்ணத்தின் முதலும் நடுவும் முடிவும் எல்லாம் நன்றாக இருக்கிறதா பார். நாள்கணக்கில் செபமாலை, நோன்பு என்று அழகாகத் தொடங்கி, நடுவில் "திருத்தந்தை சரியில்லை" என்று வந்து, கடைசியில் பூசைக்கே போகாமல் வீட்டில் இருக்கச் சொல்லும் சேனல்கள் இருக்கின்றன. தொடக்கத்தை மட்டும் பார்த்தால் பிடிபடாது.

மாதா காட்சி கொடுத்தார், சிலை கண்ணீர் விட்டது என்ற வீடியோக்களுக்கு: தனிப்பட்ட வெளிப்பாடுகள் விசுவாசத்தின் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல என்று மறைக்கல்வி நூல் 67ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. 2024 மே 17 அன்று வத்திக்கான் வெளியிட்ட புது நெறிமுறைப்படி மறைமாவட்ட ஆயர்தான் விசாரிக்க வேண்டும். முடிவு ஆறு வகையில் ஒன்றாக வரும். அதில் மிகச் சாதகமானதே "தடையில்லை" என்பதுதான், "இது வானிலிருந்து வந்தது, நம்பியே ஆகவேண்டும்" என்பதல்ல. ஆகவே "வத்திக்கான் உறுதி செய்தது" என்ற தலைப்பைப் பார்த்தால் ஃபாதரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

---

பழைய கிராணி

பண விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், கணக்குப் புத்தகம் பழகிய கை.

(இ)யில் உள்ளவர் பெரும்பாலும் இரண்டு வசனங்களைத்தான் காட்டுவார். கலாத்தியர் 6:7, மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான். அடுத்த வசனத்தைப் படித்தால் மாம்சத்துக்கென்று விதைப்பது, ஆவிக்கென்று விதைப்பது என்று வருகிறது, ரொக்கத்துக்கு ரொக்கம் என்று இல்லை. 2 கொரிந்தியர் 9:6 மெய்யாகவே பணத்தைப் பற்றியது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அது எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்குச் சேர்த்த தர்மப்பணம், பவுலின் பைக்கு அல்ல. அடுத்த வசனமே "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல." 7 நாள் கெடு வைப்பது கட்டாயம் இல்லாமல் வேறென்ன? அந்தப் பணத்தைப் பவுல் எப்படிக் கொண்டுபோனார் என்று 8:20-21இல் பாருங்கள். ஒருவனும் குற்றம் சொல்லாதபடிக்கு, தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார். அந்தக் காலத்துத் தணிக்கை அது.

முதல் நூற்றாண்டு முடிவையோ இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தையோ சேர்ந்த டிடாக்கே என்ற சின்ன நூல் இருக்கிறது. 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரதி கிடைத்து 1883இல் அச்சானது. ஊர் ஊராக வரும் போதகர்களை எப்படி அளப்பது என்று 11ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊர்வரை ரொட்டி கொடு, பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பேசி "எனக்குப் பணம் கொடு" என்றால் கேட்காதே. இல்லாதவர்களுக்குக் கொடு என்று சொன்னால் அவனை யாரும் குற்றம் சொல்லவேண்டாம். கடைசி வாக்கியம்தான் அழகு, நியாயமாக ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நடைமுறைக்கு வருவோம். கணக்கு யார் பெயரில்? எண்ணைப் போட்டவுடன் உறுதி செய்யும் முன் வங்கிச் செயலி பெயரைக் காட்டும். ஊழியத்தின் பெயர் சொல்லி, தனியாள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் சரியாக இருந்தாலும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் தட்டுங்கள், புகார் இருந்தால் காட்டும். புகார் இல்லை என்றால் நல்லவர் என்று பொருளில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தில் பதிந்த சபை என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்திக் கணக்கைச் சங்கப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆகவே "போன வருஷக் கணக்கு பார்க்கலாமா?" என்று கேட்பது அவிசுவாசம் இல்லை. கேட்டதும் கோபப்பட்டால் அதுவே பதில். யாராவது ஏற்கெனவே அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு நாளைத் தள்ளவேண்டாம். அந்த நிமிடமே மோசடிப் புகார் எண் 997, பிறகு வங்கி, பிறகு போலீஸ் புகார். பணம் கை மாறுவதற்கு முன் முடக்கினால்தான் மிஞ்சும்.

(ஈ) பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1 தீமோத்தேயு 5:19, மூப்பன்மேல் வரும் பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே. நீதிமொழிகள் 18:17, முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அயலான் வந்து பரிசோதிக்கும்வரை. 40 நிமிடம் ஒரே ஆள் பேசினால் யார் வேண்டுமானாலும் நீதிமான் ஆகலாம். ஆனால் இந்த வசனங்களைப் போர்வையாக்கி மூடுவதும் தப்பு. அடுத்த வசனம் 5:20, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். குற்றச்சாட்டு பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால் அது வாட்ஸ்அப் குழுவுக்கும் உரியதல்ல, மூப்பர் கூட்டத்துக்கும் உரியதல்ல. போலீஸ், அல்லது "தாலியான் காசே" உதவி எண் 15999. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. வீடியோவைப் பரப்பாதீர்கள், அதில் பிள்ளையின் முகமோ பெயரோ இருக்கும்.

---

செம்பனைக்காடு

எல்லாருக்கும் நன்றி. (ஆ)வின் முழுச் செய்தி கிடைத்துவிட்டது, தம்பி சொன்ன அதே வெட்டுதான். கீபோர்டு துள்ளியது. (அ)வையும் (இ)யையும் இந்த வெள்ளி எரேமியா 28, 29 வாசித்தே பேசப்போகிறோம்.

இரண்டு சந்தேகம் மிச்சம். குழுவுக்கு என்ன விதி வைப்பது? கிளிப்பே கூடாது என்றால் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். அடுத்து, எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருக்கிறார். தூக்கம் வராமல் இரவெல்லாம் யூடியூபில் "செபம்" போட்டுக் கேட்பார். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடி, விடியும்போது எங்கேயோ போய் நிற்கிறது.

---

பழைய கிராணி

விதி நீளமாக இருந்தால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். இரண்டு வரி போதும். அனுப்புகிறவர் தானே முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், அதில் தனக்குப் பயன்பட்டது என்ன என்று ஒரு வரி தன் கையால் எழுத வேண்டும். பணம், தேதி, மருத்துவம், ஆள்மேல் குற்றச்சாட்டு, இந்த நான்கும் குழுவுக்கு வராமல் நடத்துகிற இரண்டு பேருக்குத் தனியாக வரவேண்டும். ஒரு வரி எழுதவேண்டும் என்றதும் எண்ணிக்கை தானாகக் குறையும். தப்பாக அனுப்பியவரைக் குழுவில் திருத்தாதீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசுங்கள். குழுவில் "மூலம் கிடைக்கவில்லை, அதனால் எடுத்துவிட்டோம்" என்று பெயர் சொல்லாமல் ஒரு வரி.

---

போன் கடைத் தம்பி

பாட்டிக்கு யூடியூபைத் திட்டிப் பயனில்லை அண்ணே, அவருக்கு ஒரு குரல் வேண்டும். போனை வாங்கி முதலில் ஆட்டோபிளேயை அணையுங்கள், வீடியோவின் மேலேயே அந்தச் சின்னப் பொத்தான் இருக்கும். பிறகு பார்த்த வரலாற்றை அழித்துவிட்டு நிறுத்தி வையுங்கள், பழைய பரிந்துரை வராது. மோசமான சேனல் மறுபடி வந்தால் மூன்று புள்ளியை அழுத்தி "இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே" கொடுங்கள். தமிழ் வேதாகம ஒலிப்பதிவைப் போனில் இறக்கி, சங்கீதம், யோவான் இரண்டையும் முகப்புத் திரையில் பெரிய படமாக வையுங்கள். இணையம் இல்லாமலே ஓடும், டேட்டாவும் மிச்சம். அரை மணியில் தானாக நிற்கும்படி தூக்க நேரக்கணிப்பு இருக்கிற செயலியாகப் பாருங்கள். அதைவிட நல்லது, நீங்களும் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு சங்கீதம் வாசித்து வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்புங்கள். 23, 91, 121 மூன்றும் சேர்ந்தே பத்து நிமிடத்துக்குள் முடியும். அந்த உரையாடலை அவர் திரையில் மேலே பின் செய்துவிடுங்கள், பேரனின் படத்தைப் பார்த்துத் தொட்டால் போதும், எழுத்துத் தெரியவேண்டியதில்லை.